வாளை வாழ்த்துமுன் வழக்கைக் கேள்!

நாடு போர் தொடுத்துவிட்டது. இனி நாட்டு மக்களின் கடமை என்ன?

"ஆதரிப்பது!" என்கின்றனர் பலர், ஆராயாமலே. முரசு ஒலிக்கும்போது காரணம் கேட்பவன் துரோகி என்கின்றனர். தாக்குவது முறையா, தாக்கப்படுவோர் யார், தாக்கச் சொன்னவர் எவர் என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ள வேண்டியவை என்கின்றனர். போருக்கு முன் கேட்டால், "இரகசியம்" என்பர். போரின்போது கேட்டால், "துரோகம்" என்பர். போருக்குப் பின் கேட்டால், "முடிந்ததைக் கிளறுவானேன்?" என்பர். அப்படியானால், கேட்பதற்குரிய காலந்தான் எது, தோழர்களே?

1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய ஊர் செங்கற்பட்டு. பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டத்தை அறுத்தெறி என்றது அந்த மாநாடு. பெண்ணுக்குச் சொத்துரிமை கொடு என்றது. "தொன்றுதொட்டு வந்ததாயிற்றே!" என்று பதறினர் பழைமையின் காவலர். தொன்மை உண்மைக்குச் சான்றாகாது என்று அன்று பதில் கூறப்பட்டது. அந்த மண்ணிலிருந்து எழுதும் நாம், கோயிலைக் கேட்டோம், குலத்தைக் கேட்டோம், கொட்டுமேளத்தோடு வந்த சடங்கைக் கேட்டோம். போரை மட்டும் கேளாமல் விட்டுவிட்டால், பகுத்தறிவு பாதி வழியில் படுத்துவிட்டது என்றே பொருள். "ஆண்டவன் சித்தம்" என்றவுடன் வாய் மூடுபவனை மூடன் என்கிறோம். "தேச நலன்" என்றவுடன் வாய் மூடுபவனை எப்பெயரிட்டு அழைப்பது?

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். எந்தப் போரும், எக்காலத்தும், எவர் தொடுத்தாலும் தீது என்று நாம் வாதாடவில்லை. 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது, விலைவாசிப் போராட்டத்துக்காகச் சிறை புகுந்து மீண்ட அண்ணா, பிரிவினை முழக்கத்தை ஒதுக்கி வைத்து, நாட்டுக் காப்புக்குத் தோள் கொடுத்தார். 1971இல் கிழக்கு வங்கத்தில் நடந்த கொடுமை தாளாமல் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்திய மண்ணில் அடைக்கலம் புகுந்தபோது, தமிழகம் நிதி திரட்டித் தந்தது. வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுப்பது வேறு. அடுத்த வீட்டில் எரியும் தீயை அணைக்க ஓடுவது வேறு. அணைக்கப் போகிறேன் என்று புறப்பட்டவன், அங்கே தானும் கொள்ளியைக் கையிலெடுப்பது முற்றிலும் வேறு! மூன்றுக்கும் "போர்" என்ற ஒரே பெயர் இருப்பதாலேயே மூன்றுக்கும் ஒரே மாலையைச் சூட்டிவிட முடியாது.

கடல் கடந்த போர் நம் கரைக்குப் புதியதன்று. மாமல்லபுரம் செல்வோர் கற்கோயிலைக் கண்டு களிக்கின்றனர். அந்தக் கடலில் படை ஏற்றிச் சென்ற கலங்களை நினைப்போர் குறைவு. 7ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அரசுரிமை இழந்த மானவர்மன் என்பான், பல்லவன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். சாளுக்கியரை எதிர்த்த போரில் பல்லவனுக்குத் துணை நின்றான். கைம்மாறாகப் படையும் கலமும் பெற்று இலங்கை மீது சென்றான். முதல் முயற்சி பலிக்கவில்லை; மறு முயற்சியில் மணிமுடி கிடைத்தது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவமிசம் கூறும் செய்தி இது. மன்னனுக்கு நட்பு, இளவரசனுக்கு அரியணை. கலத்தில் ஏறிய உழவன் மகனுக்கு என்ன? அவனை எவரும் கேட்கவில்லை. இலங்கையில் அவன் வேலுக்கு இரையானவனையும் எவரும் கேட்கவில்லை.

அங்கிருந்து சிறிது தெற்கே நடந்தால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. 1782 பிப்ரவரி 17 அன்று அந்தக் கடலில் ஆங்கிலக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் ஒன்றையொன்று சுட்டுப் பொசுக்கின. இலண்டனுக்கும் பாரிசுக்கும் இருந்த பகை, நம் மீனவனின் வலை விரியும் நீரில் தீர்க்கப்பட்டது! அவனுக்கு அந்தப் போரில் கட்சி ஏது? பின்னர் 1914இல் மூண்ட முதல் உலகப் போரில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். 1939இல் வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கலந்து பேசாமலே இந்தியாவைப் போரில் இறக்கினார். அடிமை நாட்டின் குடிமகனிடம் ஒப்புதல் கேட்பவர் யார்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேடைதோறும் கடாரம் கொண்டதைப் பேசினோம். ஈழம் வென்றதைப் பாடினோம். சோழர் படை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அனுராதபுரத்தை அழித்தது என்ற செய்தி, நமக்குப் பெருமிதம் தரும் ஒரு வரி. சிங்களச் சிறுவனின் பாட நூலில் அது ஆறாத வடு. வகுப்பறையில் வரலாறு சொல்லித் தரும் நம் போன்றோர் அந்த வரியைச் சொல்லும்போது, வென்றவனின் கண்ணோடு மட்டும் படிக்கக் கற்பிக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அயலார் படையெடுப்பை ஆக்கிரமிப்பு என்றும், நம்மவர் படையெடுப்பை வீரம் என்றும் எடைபோடும் தராசு, தராசாகாது.

மன்னர் காலத்தில் மக்களைக் கேட்கவில்லை. மக்களுக்குப் பொறுப்பும் இல்லை. குடியரசில் அந்தச் சாக்கு இல்லை. நம் வாக்கில் ஆட்சி அமைகிறது. நம் வரியில் துப்பாக்கி வாங்கப்படுகிறது. நம் பெயரால் அது சுடுகிறது. ஆகவே, சுட்டது யாரை என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று. கேளாதிருப்பது நாமும் சேர்ந்து சுட்டதற்குச் சமம்.

இந்தக் கேள்வி தமிழன் வாயிற்படிக்கே வந்து நின்ற நாளொன்று உண்டு. 1990 மார்ச் 24. இலங்கையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவினர் புறப்பட்ட நாள். கப்பலில் வந்த வீரருக்குச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. தமிழகத்தின் முதலமைச்சர் கலைஞர் அந்த வரவேற்புக்குச் செல்ல மறுத்தார். தமிழர் உயிரைக் குடித்த போரின் முடிவை விழாவாக்க அவர் உடன்படவில்லை. எழுந்தது புயல்! "நாட்டின் படையை மதிக்காதவர்" என்றனர் ஒரு சாரார். "இனத்தின் மானம் காத்தவர்" என்றனர் மறு சாரார். இரண்டு கூச்சலுக்கும் நடுவே, பகுத்தறிவாளன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வழக்கை முதலிலிருந்து படிப்பது.

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் கொன்று குவிக்கப்பட்டனர். ஏதிலிகள் நம் கரை நோக்கி வந்தனர். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். வடக்கும் கிழக்கும் இணையும், தமிழ் ஆட்சிமொழியாகும், போராளிகள் ஆயுதத்தை ஒப்படைப்பர், இந்தியப் படை அமைதியைக் காக்கும் என்பது ஏற்பாடு. யாழ்ப்பாணத்து மக்கள் இந்திய வீரருக்கு மாலையிட்டு வரவேற்றனர். இதை மறந்துவிடக்கூடாது. அந்த மக்கள் இந்தியப் படையைப் பகைவராக எண்ணவில்லை, பாதுகாவலராகவே எண்ணினர்.

ஆனால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர்; எவருடைய தலைவிதி எழுதப்பட்டதோ, அவர்கள் சார்பில் கையெழுத்தே இல்லை! ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் வேறு செய்திகள் இருந்தன. திரிகோணமலைத் துறைமுகம் இந்திய நலனுக்கு மாறாக எந்த நாட்டுப் படைக்கும் பயன்படக் கூடாது. இலங்கையில் அயல்நாட்டு வானொலி நிலையங்கள் படைத்துறை வேலைக்குப் பயன்படக் கூடாது என்பன அவை. ஒரு நாடு தன் பாதுகாப்பை எண்ணுவது குற்றமன்று. ஆயினும், தமிழரைக் காக்கவே படை போகிறது என்று மக்களிடம் கூறப்பட்டபோது, துறைமுகத்தின் கதை எத்தனை பேருக்கு உரைக்கப்பட்டது? நம் அரசியல் சட்டத்தில், படையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாய்க்கால் வெட்ட வரவுசெலவுத் திட்டம் வேண்டும். வாலிபரைக் கடல் கடந்து அனுப்ப வாக்கெடுப்பு வேண்டியதில்லை!

மாலையின் மணம் மறையுமுன் நிலைமை மாறிற்று. செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணா நோன்பிருந்து மாண்டார். அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் இரவில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது வீரரில் ஒருவரே உயிர் தப்பினார். எவருடைய தவறான கணக்குக்காக அந்த இளைஞர்கள் பலியாயினர்? அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படை புகுந்தது. நோயாளர், மருத்துவர், தாதியர் என 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. வீரர் சிலர் தாக்கப்பட்டு இறந்ததற்குப் பழி வாங்குவதாக, குடிமக்கள் 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். இவற்றின்மீது நாட்டு மக்கள் அறியத் திறந்த நீதி விசாரணை நடந்ததில்லை. 1989 ஜூனில், அழைத்த நாட்டின் புதிய அதிபர் பிரேமதாசாவே "வெளியேறுங்கள்" என்றார். அதன் பிறகும் பல திங்கள் படை அங்கிருந்தது. இறுதிக் கணக்கில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் உயிரிழந்தனர். ஈழத் தமிழர் மாண்டது அதனினும் பன்மடங்கு.

இப்போது சொல்லுங்கள்: காக்கச் சென்ற படை யாரைக் காத்தது?

போரை ஆதரித்தே ஆகவேண்டும் என்போர் மூன்று வாதங்களை வைக்கின்றனர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "ஆட்சியாளருக்குத் தெரிந்த செய்திகள் அனைத்தும் குடிமகனுக்குத் தெரியா. ஆகவே நம்பு." நம்பிக் கெட்ட வரலாறு நீண்டது. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்று அமெரிக்க அரசு கூறிற்று, அந்த நாட்டு நாடாளுமன்றம் நம்பிக் கையைத் தூக்கிற்று, வியட்நாம் எரிந்தது. இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் குவிந்திருக்கிறது என்றனர்; படையெடுத்தனர்; தேடினர்; கிடைக்கவில்லை. ஆட்சியாளரிடம் நம்மைவிட அதிகச் செய்தி இருக்கலாம். அதனால் அவர் கூற்றுக்குச் சான்று வேண்டாம் என்றாகிவிடாது. பூசாரியும், "உனக்குத் தெரியாத மந்திரம் எனக்குத் தெரியும்" என்றுதான் கூறுகிறார்.

இரண்டாம் வாதம்: "மறுத்துப் பேசினால் பகைவன் மகிழ்வான்." பகைவன் எதற்கு மகிழ்கிறான் என்று பார்த்து நம் அறநெறியை வகுத்துக்கொள்வதானால், நெறியை வகுப்பவன் பகைவனாகிவிடுவான்! முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1918இல் இங்கிலாந்து பெர்ட்ரண்ட் ரசலைச் சிறையில் தள்ளியது. அவர் ஜெர்மனியை விரும்பியவரா? இல்லை. தன் நாடு தவறு செய்வதைத் தாங்க மாட்டாதவர். இட்லரின் கொடுமைக்கு எதிரான போரை அதே ரசல் ஆதரித்தார். பின்னர் முதிய வயதில் வியட்நாம் போரை எதிர்த்தார். ஒரே மனிதர், ஒரே அளவுகோல். போருக்குப் போர் முடிவு வேறு. ஆராய்ச்சி என்பதன் பொருள் இதுதான்.

மூன்றாம் வாதந்தான் நெஞ்சைத் தொடுவது: "போரைப் பழித்தால், உயிரைக் கொடுத்த வீரனைப் பழித்ததாகாதா? ஆணைக்குக் கீழ்ப்படிந்தவன் செய்த குற்றம் என்ன?"

இங்கே அவசரம் கூடாது, தோழர்களே. அந்தப் படையில் தமிழரும் இருந்தனர். மேஜர் இராமசாமி பரமேசுவரன் ஈழத்தில் 1987 நவம்பரில் போரிட்டு மடிந்து, பரம வீர சக்கரம் பெற்றார். ஊர்ப்புறத்தில் வேலையின்றி வாடியவன், குடும்பத்துக்குக் கஞ்சி வார்க்கச் சீருடை அணிந்தவன், போரின் காரணத்தை அவன் வகுக்கவில்லை. ஒப்பந்தம் எழுதிய கை பேனாவை மூடிவைத்துவிட்டு விருந்துண்ணச் சென்றது. துப்பாக்கி தூக்கிய கை மண்ணில் கிடந்தது. ஆகவே, நாடு வேறு, ஆட்சி வேறு, படைவீரன் வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஆட்சியின் தவறுக்கு வீரனின் மனைவியைத் தண்டிப்பது அறமன்று. அவள் பிள்ளையின் படிப்புக்கும், கால் இழந்தவனின் பிழைப்புக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது, போர் நியாயமற்றதாக இருந்தாலும். நியாயமற்றதாக இருந்தால், அந்தக் கடன் இரட்டிப்பாகிறது!

ஆனால், மருத்துவமனையில் நோயாளியைச் சுட்டவனுக்கும் அந்தக் கடனைக் காட்டிப் பொதுமன்னிப்பு வழங்க முடியாது. "ஆணையிட்டார்கள், செய்தேன்" என்ற சாக்கை நூரம்பர்க் நீதிமன்றம் நாசித் தலைவர்களிடமிருந்து ஏற்கவில்லை. 1968 மார்ச்சில் வியட்நாமின் மைலாய் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் ஊராரைக் கொன்று குவித்தபோது, ஹியூ தாம்சன் என்ற எலிகாப்டர் ஓட்டி, தம் படையினருக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே வானூர்தியை இறக்கி நிறுத்தி, சிலர் உயிரைக் காத்தார். முதலில் பலர் அவரைத் தூற்றினர். முப்பது ஆண்டு கழிந்து, 1998இல் அதே நாடு அவருக்குப் பதக்கம் சூட்டிற்று. வீரன் மனிதன்; மனிதனுக்கு மனச்சான்று உண்டு. வீரனைக் குற்றமே செய்யாதவன் என்பதும் அவனை மதிப்பதாகாது. அவனை வெறும் பொறியாக்குவதாகும்.

இந்த அளவுகோலில் 1990 நிகழ்ச்சியை எடை போடுவோம். கலைஞர் விழாவுக்குச் செல்லாதது சரியா? சரி என்பது நம் முடிவு. விழா என்பது வீரனுக்கு மட்டும் சூட்டும் மாலையன்று. போருக்கும் சேர்த்துக் குத்தும் முத்திரை. மாண்டவர்களின் உறவினர் வாழும் மாநிலத்தின் முதல்வர் அந்த முத்திரையைக் குத்த மறுத்தார். அந்த மறுப்பு, படைக்கு எதிரான பகையன்று; பொய்க்குத் துணை போகாமை. ஆனால், அத்தோடு நம் கடமை முடிந்ததா? அந்தக் கப்பலில் ஊனமுற்று இறங்கிய தமிழனின் வீட்டுக்கு, விழாவின் ஓசை ஓய்ந்த பிறகு, எத்தனை பேர் சென்றோம்? முரசைக் கொட்ட மறுத்தது நேர்மை. முறிந்த காலுக்கு ஊன்றுகோல் தர மறந்தது குறை. முன்னதைப் பெருமையாகப் பேசும் நாம், பின்னதையும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் கசப்பான ஒரு செய்தி உண்டு. அதைக் கூறாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது கோழைத்தனம். ஒரு போரை எதிர்ப்பவன், எதிர்த்தரப்பின் போரை வாழ்த்தியாக வேண்டும் என்று யார் விதித்தது? அமைதிப்படையின் கொடுமையைக் கண்டு கொதித்தவரில் சிலர், ஒரு முரசைக் கீழே வைத்துவிட்டு மறு முரசைத் தூக்கிக்கொண்டனர். புலிகள் பிற இயக்கத் தமிழரைக் கொன்றபோது வாய் திறக்கவில்லை. 1990 ஜூனில் சென்னையிலேயே பத்மநாபாவும் உடனிருந்த தோழர்களும் கொல்லப்பட்டனர், கொல்லப்பட்டவரும் தமிழர்தாமே! 1991 மே 21 அன்று, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அருகில் நின்ற காவலரும் எளிய மக்களும் சிதறி மாண்டனர். அவர்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்? அதன் விளைவையும் ஏழையே சுமந்தான். ஈழத்திலிருந்து வந்தோரில் ஐயத்துக்குரியோர் எனக் கருதப்பட்டவரை, தீர்ப்பின்றி அடைத்துவைத்த "சிறப்பு முகாம்" செங்கற்பட்டில் பல ஆண்டுகள் இருந்தது. கொள்ளி வைத்தவர் சிலர். புகையில் மூச்சுத் திணறியவர் பல்லாயிரவர்.

யாழ்ப்பாண மருத்துவமனைக்கு அழுத கண், ஸ்ரீபெரும்புதூருக்கும் அழ வேண்டும். இல்லையேல் அது அழுகையன்று, கட்சி.

ஆகவே, போர் வரும்போது குடிமகன் செய்ய வேண்டுவது என்ன? கண்ணை மூடி ஆதரிப்பதுமன்று. கண்ணை மூடி எதிர்ப்பதுமன்று. சொல்லப்படும் காரணத்துக்குச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். எவருக்காகப் போகிறதோ, அந்த மக்கள் அழைத்தார்களா, அழைத்தவர் "போதும்" என்றபின் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். மாற்று வழி அனைத்தும் தேடப்பட்டதா, ஆயுதமற்றோர் காக்கப்படுகிறார்களா, குற்றம் நடந்தால் விசாரணை உண்டா என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு நேரான விடை கிடைக்குமானால் தோள் கொடுப்போம். கிடைக்காதவரை, வரி கட்டுவோம், சட்டத்தை மதிப்போம். ஆனால் வாழ்த்துப் பாடமாட்டோம். மேடையில், ஏட்டில், மாமன்றத்தில், வாக்குச் சாவடியில் மறுத்துரைப்போம். மறுத்துரைத்ததற்காக வரும் வசவைத் தாங்கிக்கொள்வோம்.

படிப்பகம் தோறும் இளைஞர்கள் நாளிதழை விரித்து வைத்து, போர்ச் செய்தியைப் படிக்கின்றனர். வென்ற ஊரின் பெயரைப் படிப்பதோடு நிறுத்திவிடாமல், அந்த ஊரில் யார் வாழ்ந்தனர் என்றும் தேடிப் படியுங்கள், தோழர்களே! கலத்தில் ஏறிய உழவன் மகனிடம் ஒப்புதல் கேட்க அன்று எவரும் இல்லை. இன்று நம்மைக் கேட்காமல் கலம் புறப்படுமானால், நிறுத்திக் கேட்கும் வாய் நமக்கு இருக்கிறது. நாட்டுப்பற்று அந்த வாயை அடைக்கும் துணியாகாதிருக்கட்டும்.